சாப்பிட்டு முடித்தபின் ஒரு சின்னக் கசப்பு

லண்டனில் கொஞ்சம் நல்ல ரெஸ்டாரன்ட் ஒன்றில் நாலு பேர் சேர்ந்து சாப்பிடப் போனால் இது தவறாமல் நடக்கும். சாப்பாடு முடிந்து தட்டெல்லாம் எடுத்தபின், குடிக்கிறவர்களுக்கென்று தனியாக ஒரு மெனு வரும். இத்தாலிய அமாரோ, பிரெஞ்சு பிராந்தி, போர்ட், ஸ்காட்ச் என்று பக்கம் முழுக்க எழுதியிருக்கும். குடிக்காதவரைப் பார்த்து "டீயா, காபியா?" என்று கேட்பார்கள், அவ்வளவுதான். ராத்திரி பத்தரை மணிக்குக் காபி குடித்துவிட்டுத் தூக்கம் வராமல் புரள எனக்கு விருப்பமில்லை. அதைவிட, மற்ற மூன்று பேரும் சின்னக் கண்ணாடிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் ஒரு மணி நேரம் பேசப் போகிறார்கள், நாலாவது ஆள் அந்த ஒரு மணி நேரமும் தண்ணீர் டம்ளரோடு உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது எனக்குச் சரியாகவே படவில்லை.

அந்த ஆதங்கத்தில்தான் ஆல்கஹால் இல்லாத, வேரும் பட்டையும் விதையும் போட்டுச் செய்த பானங்களைத் தேடித் தேடி வாங்கி ருசி பார்க்க ஆரம்பித்தேன். இப்போது இங்கே இதற்கென்றே கடைகள் இருக்கின்றன, சூப்பர் மார்க்கெட்டிலும் ஒரு அலமாரி ஒதுக்கியிருக்கிறார்கள். ஒரு பாட்டில் 20 பவுண்டுக்கு மேல் போகிறது என்பதால் எதை வாங்கலாம், எதை விடலாம் என்று யாராவது தமிழில் எழுதினால் நன்றாக இருக்குமே என்று காத்திருந்தேன், யாரும் எழுதவில்லை, அதனால் நானே எழுதுகிறேன். என் கட்சி என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சாப்பாட்டுக்குப் பிறகு குடிக்கிற பானத்துக்கு உயிர் கசப்புதான். மதுவைப் போலவே இருக்க வேண்டும் என்று முயற்சி செய்கிற பாட்டில்கள் பெரும்பாலும் ஏமாற்றுகின்றன. ஒரு வேரையோ பட்டையையோ எடுத்துக்கொண்டு, இதிலிருந்து என்ன வரும் என்று பார்த்துச் செய்த பாட்டில்கள்தான் நிற்கின்றன.

இந்த வழக்கத்தின் ஊர் இத்தாலி. அங்கே சாப்பிட்டு முடித்ததும் அமாரோ என்கிற கசப்பான, கொஞ்சம் இனிப்பான, கரும்பழுப்பு நிற மதுவைச் சின்ன அளவில் குடிப்பார்கள். மிலான் நகரத்தில் 1845-இல் பிறந்த ஃபெர்னெட் பிராங்கா அதில் மிகவும் கடுமையானது: 27 மூலிகைகள், 39 சதவீத ஆல்கஹால். ஜெர்மனியில் உண்டர்பெர்க் என்று ஒன்று, பழுப்புக் காகிதம் சுற்றிய 20 மில்லி பாட்டிலில் வரும், ஒரே மடக்கில் முடித்துவிட வேண்டும், அதில் 44 சதவீதம். இதையெல்லாம் நான் குடித்ததில்லை, ஆனால் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்திருக்கிறேன். வாசனை அப்படியே நாட்டு மருந்துக் கடை. ஜென்ஷன் என்கிற ஐரோப்பிய மலைச்செடியின் வேர், ருபார்ப் வேர், ஏஞ்சலிகா, கிராம்பு, ஏலம், ஆரஞ்சுத் தோல் என்று உள்ளே இருப்பதில் பாதி நமக்குப் பழக்கமான சரக்கு.

இதைக் குடித்தால் செரிக்கும் என்பது அந்த ஊர் நம்பிக்கை. இங்கேதான் எனக்குப் பிடித்த ஒரு ஆராய்ச்சி வருகிறது. சுவிட்சர்லாந்தின் ஜூரிக்கில் 20 பேரைக் கூப்பிட்டு, உருக்கிய சீஸில் ரொட்டியைத் தோய்த்துத் தின்னும் ஃபோன்டு என்கிற கனமான சாப்பாட்டைக் கொடுத்தார்கள். ஒரு நாள் அதோடு ஒயின், இன்னொரு நாள் பால் சேர்க்காத டீ, அதற்கு மேல் செர்ரிச் சாராயம் கொடுத்தும் கொடுக்காமலும் என்று மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். 2010-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அது வெளிவந்தது. டீ குடித்தபோது வயிறு காலியானதைவிட ஒயின் குடித்தபோது மெதுவாகத்தான் காலியானது, சாப்பாட்டுக்குப் பிறகு சாராயம் குடித்தபோதும் அப்படியே தாமதமானது. ஆக, செரிமானத்துக்கு என்று சொல்லிக் குடிக்கிற பானத்தில் செரிமானத்தைத் தாமதப்படுத்துகிற சரக்கு ஆல்கஹால்தான். அதை எடுத்துவிட்டால் எதுவும் குறைந்துவிடாது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. கசப்பு மருந்தாக எவ்வளவு வேலை செய்கிறது என்பதை நான் டாக்டர்களிடம் விட்டுவிடுகிறேன். ஆனால் கசப்பு நாக்கில் பட்டதும் வாயில் உமிழ்நீர் ஊறுவதும், இனிப்பும் எண்ணெயும் படிந்த வாய் கழுவிவிட்டாற்போல் ஆவதும் யாரும் தன் வாயிலேயே பார்த்துக்கொள்ளக்கூடிய விஷயம். கசப்பை உணர மனித நாக்கில் சுமார் 25 வகை ஏற்பிகள் இருக்கின்றன, இனிப்புக்கு ஒரே ஒரு ஜோடி. இத்தனை ஏற்பாடு செய்து வைத்திருக்கிற ஒரு சுவையை நாம் கோலா குடித்து மூடி வைக்கிறோம்.

சரி, ஆல்கஹாலை எடுத்துவிட்டால் கோப்பையில் என்ன காணாமல் போகிறது? முதலாவது, சூடு. ஆல்கஹால் தொண்டையில் எரிவதற்குக் காரணம் அது உண்மையில் சூடாக இருப்பது கிடையாது. சூட்டை உணர்கிற டிஆர்பிவி1 என்ற ஏற்பி சாதாரணமாக 42 டிகிரிக்கு மேல்தான் விழித்துக்கொள்ளும். ஆல்கஹால் பட்டால் அந்த எல்லை 34 டிகிரிக்கு இறங்கிவிடும், அதாவது நம் உடம்புச் சூடே நமக்கு எரிச்சலாகத் தெரியும். மிளகாயின் காரமும் மிளகின் காரமும் இஞ்சியின் காரமும் தட்டுவது இதே கதவைத்தான். அதனால் நல்ல தயாரிப்பாளர்கள் இஞ்சி, மிளகு, சில சமயம் ஒரு சிட்டிகை மிளகாய் என்று சேர்த்து அந்த எரிவைத் திருப்பிக் கொண்டுவருகிறார்கள். இதில் சுக்கு ஒரு படி மேலே. இஞ்சி காயும்போது அதிலிருக்கும் ஜிஞ்சரால் என்ற பொருளில் ஒரு பகுதி ஷோகாலாக மாறுகிறது, அது ஜிஞ்சராலைவிடக் காரம். பச்சை இஞ்சி முன்நாக்கில் சுரீரென்று ஏறி இறங்கிவிடும், சுக்கு தொண்டைக்குக் கீழே போய் உட்கார்ந்து நிதானமாக எரியும். சாப்பாட்டுக்குப் பிறகு வேண்டியது இரண்டாவது வகை. ஆனால் இங்கே விற்கிற பாட்டில்களில் பாதிக்கு மேல் பச்சை இஞ்சிதான்.

இரண்டாவது, கனம். தண்ணீர் நாக்கில் நிற்காமல் ஓடிவிடும். அதற்காகச் சர்க்கரைப்பாகு, கிளிசரின், கருவேல மரத்தின் உறவான அக்கேசியா பிசின், அதிமதுரம் என்று சேர்ப்பார்கள். கிளிசரின் அதிகமானால் நாக்கில் ஒரு வழுவழுப்பு வந்துவிடும், எனக்கு அது ஆகவே ஆகாது. அதிமதுரம் அழகான வழி, அதன் இனிப்புச் சத்து சர்க்கரையைவிடப் பல மடங்கு, போடவேண்டியது கொஞ்சம்தான், அந்த இனிப்பு மெதுவாக வந்து ரொம்ப நேரம் நிற்கும். மூன்றாவது, வாசனை. வேரிலும் பட்டையிலும் இருக்கிற எண்ணெயையும் பிசினையும் கரைத்து எடுப்பதில் ஆல்கஹாலுக்கு ஈடான கரைப்பான் சமையலறையில் கிடையாது. அதனால் சில நிறுவனங்கள் முதலில் ஆல்கஹாலில் ஊறவைத்து, வடித்து, பிறகு ஆல்கஹாலை நீக்கிவிடுகின்றன. சிலர் ஆரம்பத்திலிருந்தே தண்ணீரிலும் நீராவியிலும் எடுக்கிறார்கள்.

இந்த நீராவி வழி நமக்குப் புதுசில்லை. சித்த மருத்துவத்தில் வாலை என்கிற வடிகலத்தில் வடிக்கிற தீநீர் இதுதான். நாட்டு மருந்துக் கடையில் விற்கும் ஓம வாட்டர் ஓமத்தை நீரோடு காய்ச்சி ஆவியை வடித்தது. கல்யாண வீட்டு வாசலில் தெளிக்கிற பன்னீரும் ரோஜாவை அப்படியே வடித்ததுதான். கண்ணுக்குத் தண்ணீர், மூக்குக்கு முழுச் செடி. இன்றைக்கு லண்டனில் அழகான பாட்டிலில் அடைத்து விற்கிற நிறமில்லாத மூலிகை வடிநீருக்கும் ஓம வாட்டருக்கும் செய்முறையில் பெரிய வித்தியாசம் இல்லை, எந்தெந்தச் செடியை எந்தெந்த அளவில் கலக்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம், அந்தக் கலவைக்குத்தான் நான் காசு கொடுக்கிறேன், சந்தோஷமாகவே கொடுக்கிறேன். நாம் குழந்தைக்குக் கொடுத்துப் பழகிய உட்வர்ட்ஸ் கிரைப் வாட்டர்கூட 1851-இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் பிறந்தது. சதகுப்பை எண்ணெயோடு ஆரம்பக் காலத்தில் அதில் ஆல்கஹாலும் இருந்தது, பிற்பாடு எடுத்துவிட்டார்கள். வயிற்றுக்கான மூலிகை நீரிலிருந்து ஆல்கஹாலை எடுப்பது நேற்று வந்த ஃபேஷன் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி பாட்டில்கள். வாங்கப் போகிறவர்களுக்கு முதல் எச்சரிக்கை: கடையில் இருப்பதில் பெரும்பகுதி சாப்பாட்டுக்கு முன்னால் குடிக்க வேண்டியது. இத்தாலியின் குரோதினோ (ஆரஞ்சு நிறம், சின்ன பாட்டில்), சான்பிட்டேர் (நல்ல சிவப்பு) இரண்டுமே 1960-களிலிருந்து இருக்கின்றன, இரண்டிலும் ஆல்கஹால் இல்லை, இரண்டுமே எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அவை பசியைக் கிளப்பச் செய்தவை. வாயு நிறைய, புளிப்பும் பழ வாசனையும் மேலே, கசப்பு கடைசியில் ஒரு கீற்று. பிரியாணி சாப்பிட்டு முடித்தவர் கையில் இதைக் கொடுத்தால் அவருக்கு அந்த வாயுவே பாரமாகிவிடும். வயிறு நிறைந்த பிறகு வேண்டியது வேர், பட்டை, காய்ந்த தோல், மசாலா, இருட்டான பக்கம். அளவு சின்னது, வாயு இல்லாமலோ மிகக் கொஞ்சமாகவோ.

இத்தாலியக் கடைகளில் கிடைக்கிற கினோத்தோவை நான் இரண்டுக்கும் நடுவில் வைப்பேன். கினோத்தோ என்பது ஒரு குட்டி ஆரஞ்சு, லிகூரியா கடற்கரையின் சவோனா பகுதிக்குப் பேர்போனது, பச்சையாகத் தின்ன முடியாத அளவுக்குக் கசப்பு. அதில் செய்த கறுப்பு சோடாவைப் பார்த்தால் கோலா என்று நினைப்பீர்கள். முதல் வாய் இனிப்பு, அடுத்த நொடி தோலின் கசப்பு வந்து இனிப்பைத் துடைத்துவிட்டுப் போகும். விலை குறைவு. இந்த உலகத்துக்குள் முதல் அடி வைக்க இதைவிட நல்ல வாசல் இல்லை. கொஞ்ச நேரம் திறந்து வைத்து வாயு பாதி போன பிறகு சின்ன கிளாஸில் ஊற்றினால் சாப்பாட்டுக்குப் பிறகும் பொருந்தும். அமெரிக்காவில் மோக்ஸி என்று ஒரு பழைய சோடா, மருந்தாக ஆரம்பித்து 1884-இல் சோடா ஆனது, அதில் ஜென்ஷன் வேர்ச் சாறு இருக்கிறது. மெய்ன் மாநிலம் 2005-இல் அதைத் தன் அதிகாரப்பூர்வக் குளிர்பானமாகவே அறிவித்தது. கசப்பான சோடாவை ஒரு மாநிலமே கொண்டாடுகிறது என்பது எனக்குக் கேட்கவே சந்தோஷமான செய்தி.

இங்கிலாந்தில் இந்த அலையைக் கிளப்பியது 2015-இல் வந்த சீட்லிப் என்ற நிறுவனம். அதன் ஸ்பைஸ் 94 பாட்டிலில் ஆல்ஸ்பைஸ், ஏலக்காய், ஓக் பட்டை, காஸ்கரில்லா பட்டை, கிரேப்ஃப்ரூட் தோல். சர்க்கரை கிடையாது. தனியாகக் குடித்தால் மெலிசாகத் தெரியும், அது அப்படிக் குடிக்கச் செய்ததில்லை. நான் இதை 50 மில்லி எடுத்து, கொதித்து இறக்கிய தண்ணீர் அதே அளவு ஊற்றி, ஒரு துளி கருப்பட்டிப் பாகு விடுவேன். சூடு பட்டதும் பட்டையின் வாசனை எழுந்து வருவதைப் பார்க்க வேண்டும், டானிக் வாட்டர் என்கிற கசப்புச் சோடாவோடு கலந்தபோது அடியில் அமுங்கிக் கிடந்த ஏலக்காய் அப்போதுதான் முன்னால் வந்து நிற்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது எவர்லீஃப் ஃபாரஸ்ட். உருவாக்கிய பால் மாத்யூ, இயற்கைப் பாதுகாப்பு சார்ந்த உயிரியலாளர், லண்டனில் பார் நடத்தியவரும்கூட. அந்த இரண்டு அறிவும் பாட்டிலில் தெரிகிறது. குங்குமப்பூ, வனிலா, ஆரஞ்சுப்பூ மேலே, கீழே ஜென்ஷன், அதற்கும் கீழே வெட்டிவேர். அந்த வெட்டிவேரை நான் லேபிளில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, முழுங்கி முடித்து ஒரு நொடி கழித்து மூக்கு வழியாக மண்வாசனையோடு ஏறி வந்தது. இவர்களும் இதைச் சாப்பாட்டுக்கு முன்னால் குடிக்கிற வகையாகத்தான் விற்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சோடா எதுவும் சேர்க்காமல், ஒரே ஒரு பெரிய ஐஸ் கட்டி மேல் ஊற்றி, பாயசத்துக்குப் பிறகு கொடுத்துப் பாருங்கள்.

த்ரீ ஸ்பிரிட் நிறுவனத்தின் நைட்கேப் தூங்கப் போகுமுன் குடிக்க என்றே செய்தது, வலேரியன் வேரும், பீருக்குக் கசப்புத் தருகிற ஹாப்ஸ் பூவும் அதில் உண்டு. வலேரியன் காய்ந்தால் ஐசோவலேரிக் அமிலத்தின் வாடை வரும், பழைய சீஸின் வாடையும் அதுதான், பல பேருக்குப் பிடிக்காது. அதை மற்ற மசாலாக்களுக்குள் மடித்து வைத்திருக்கிற திறமைக்காகவே இதை மதிக்கிறேன். சியாட்டிலில் பிறந்த பாத்ஃபைண்டர் என்ற பாட்டிலை ஒரு தோழி வாங்கி வந்தாள். கஞ்சா வகையைச் சேர்ந்த ஹெம்ப் செடியை நொதிக்கவைத்து வடித்து, போதைச் சத்து எதுவும் இல்லாமல், எட்டிக்காயை நினைவூட்டுகிற கசப்புடைய வோர்ம்வுட், ஏஞ்சலிகா வேர், இஞ்சி, குங்குமப்பூ எல்லாம் சேர்த்தது. ஆல்கஹால் இல்லாமல் அமாரோவின் அருகில் போய் நிற்கிற பாட்டில் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். கறுப்பு, கனம், பிடிவாதமான கசப்பு. பாதி பேர் முகம் சுளிப்பார்கள், மீதிப் பாதி பேர் இன்னொரு கோப்பை கேட்பார்கள்.

பிடிக்காதவற்றின் பெயரைப் போட வேண்டாம் என்று வைத்திருக்கிறேன். பொதுவாக ஒன்று சொல்லலாம். விஸ்கி, ரம் என்று மதுவின் பெயரையே கடன் வாங்கி வருகிற பாட்டில்களில் எனக்குக் கிடைத்தது பெரும்பாலும் கேரமல் எசென்ஸும் செயற்கைப் புகை வாசனையும்தான். ரம் என்றால் ஒரு எதிர்பார்ப்பு வருகிறது, அதை நிறைவேற்ற முடிவதில்லை, வேறு ஒன்றாக இருக்கவும் அதற்கு அனுமதி இல்லை. லேபிளைத் திருப்பிப் பாருங்கள், எந்தச் செடி என்று பெயர் சொல்லாமல் இயற்கை வாசனைப் பொருள் என்று மட்டும் போட்டிருந்தால் நான் திரும்ப அலமாரியில் வைத்துவிடுவேன்.

போன முறை அத்தை திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தபோது ஒரு ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு இவற்றில் சிலதை வரிசையாக ஊற்றி வைத்தேன். ஆல்கஹால் இல்லை என்று லேபிளைக் காட்டி, படித்துச் சொல்லி, பிறகுதான் கொடுத்தேன். அத்தை எதையும் உடனே குடிக்கவில்லை. கோப்பையை மூக்குக்குக் கீழே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார்கள்.

"ஏம்மா, இதுல ஏலக்காய் தோலோட போட்டிருக்காங்க. வெறும் விதைன்னா இந்த வாசம் வராது."

அடுத்த கோப்பையை ஒரு வாய் குடித்துவிட்டு, "இது மரப்பட்டை. காய்ச்சலுக்குக் குடுக்கற பட்டைக் கசப்பு மாதிரி இருக்கு, வேர்க் கசப்பு இல்ல" என்றார்கள். "வேர்க் கசப்புக்கும் பட்டைக் கசப்புக்கும் எப்படி அத்தை வித்தியாசம் தெரியுது?" என்று கேட்டேன். "பட்டை நாக்கை இழுக்கும். வேர் இழுக்காது, ஆனா போகாது." அவ்வளவுதான் சொன்னார்கள், நான் பல வருஷமாகப் படித்துக்கொண்டிருந்த ருசிக் குறிப்புகளில் இத்தனை உபயோகமான ஒரு வரி இருந்ததில்லை. பட்டையில் டேனின் என்கிற துவர்ப்புப் பொருள் இருக்கும், அதனால் வாய் துவர்த்து இழுக்கும். ஜென்ஷன் வேரில் டேனின் மிகக் குறைவு, சுத்தக் கசப்பு. அதன் பிறகு எந்த பாட்டிலைத் திறந்தாலும் இழுக்கிறதா, நிற்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

அந்த வேரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மஞ்சள் ஜென்ஷன் ஆல்ப்ஸ் உள்ளிட்ட ஐரோப்பிய மலைகளில் வளரும் செடி, ஆள் இடுப்புக்கு மேல் நிற்கும், பூக்கவே பல வருஷம் எடுக்கும். அதிலிருக்கும் அமரோஜென்டின், இயற்கையில் நமக்குத் தெரிந்த மிகக் கசப்பான பொருட்களில் ஒன்று: 5 கோடியே 80 லட்சத்தில் ஒரு பங்காக நீர்த்தாலும் நாக்கு கண்டுபிடித்துவிடும் என்று கணக்கு. வேரைத் தோண்டினால் செடி போய்விடும் என்பதால் பல இடங்களில் அதற்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. இன்னொரு ஆபத்தும் உண்டு. அதே மலைச் சரிவில் வெராட்ரம் என்ற விஷச்செடி ஏறக்குறைய அதே இலையோடு வளரும். ஜென்ஷனுக்கு இலைகள் எதிரெதிராக, அதற்கு மாறி மாறி. அந்த வித்தியாசம் தெரியாமல் தோண்டி எடுத்தவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். மலையில் பார்த்தேன் என்று யாரும் பிடுங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள்.

பட்டைக் கசப்பில் ராஜா சின்கோனா. தென்னமெரிக்க மரம், அதன் கசப்புப் பொருளான குயினைனை 1820-இல் பாரிஸில் பிரித்தெடுத்தார்கள். 1860-களில் நீலகிரிக்கு வந்தது, தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் அரசுத் தோட்டங்கள் போட்டார்கள், மலேரியாவுக்காக. ஊட்டியிலிருந்து கூடலூர் போகிற வழியில் நடுவட்டத்தைத் தாண்டுகிறவர்களில் எத்தனை பேருக்கு, டானிக் வாட்டரின் கசப்புக்குச் சொந்தக்கார மரம் இந்த மண்ணிலும் வேர்விட்டது என்று தெரியுமோ. அங்கே தேயிலைக்கு நடுவில் இன்றைக்கு யாராவது ஒரு நல்ல கசப்புப் பானம் செய்ய நினைத்தால், பட்டையும் ஏலமும் மிளகும் கிச்சிலியும் ஒரு நாள் பயணத்துக்குள் கிடைக்கும். நான் முதல் ஆளாக வாங்குவேன்.

வீட்டில் ருசி பார்க்க உட்காருகிறவர்களுக்குச் சிலது. கசப்பு ஒன்றின் மேல் ஒன்றாக ஏறும், இறங்காது, அதனால் மென்மையானதிலிருந்து கடுமையானதுக்குப் போங்கள், ஒரு ராத்திரிக்கு மூன்று நாலுக்கு மேல் வேண்டாம். நடுவில் தண்ணீர் மட்டும் போதாது, உப்பில்லாத வெறும் பொரி ஒரு கை வாயில் போட்டால் நாக்கு சுத்தமாகிவிடும். சாப்பிட்ட உடனே ஆரம்பிக்காமல் அரை மணி நேரம் விடுங்கள். ஐஸ் சேர்த்தால் இனிப்பு அடங்கும், வாசனையும் அடங்கும், அதனால் முதல் வாய் ஐஸ் இல்லாமல். மூடி திறந்த பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும், காப்பாற்ற உள்ளே ஆல்கஹால் இல்லை, லேபிளில் போட்டிருக்கும் வாரக் கணக்கை நம்புங்கள்.

யாருக்குக் கொடுக்கிறோம் என்பதும் முக்கியம். பிரிட்டனில் ஆல்கஹால் இல்லாதது என்று போட 0.05 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது வழிகாட்டுதல், ஆனால் 0.5 சதவீதம் வரை உள்ளவையும் அதே அலமாரியில்தான் நிற்கும். மத நம்பிக்கையால் விலக்கியவருக்கு அந்த வித்தியாசம் பெரிது, எண்ணைப் படித்துச் சொல்லிவிட்டு ஊற்றுங்கள். சில கடைகளில் ஆல்கஹால் இல்லாத மாக்டெயில் என்று சொல்லி அங்கோஸ்டுரா பிட்டர்ஸ் என்கிற கசப்புச் சாறு நாலு சொட்டு விடுவார்கள், அந்தச் சொட்டு 44.7 சதவீதம். குடியிலிருந்து மீண்டு வந்தவருக்கு, மதுவின் வாசனையை நினைவூட்டும் எதையும் அவரைக் கேட்காமல் நீட்டவே கூடாது, அவருக்கு ஏலக்காய் சுக்கு வாசனை உள்ளது எவ்வளவோ மேல். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதிமதுரம் நிறைய உள்ளதைத் தவிர்க்கலாம். தூக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வலேரியன் வேண்டாம். கர்ப்பிணிகள் டாக்டரிடம் கேட்காமல் எந்தக் கசப்பு வேரையும் தொட வேண்டாம்.

கடைசியாக, பாட்டில் வாங்க மனமில்லாதவர்களுக்கு நான் வீட்டில் செய்வது. ஜனவரியில் இங்கே மார்மலேட் போடுவதற்காக செவில் ஆரஞ்சு வரும், அது நம்ம கிச்சிலிக்காயேதான். தோலின் வெள்ளைப் பகுதியோடு மெலிதாக நறுக்கி ஹீட்டர் பக்கத்தில் காயவைத்து எடுத்து வைத்தால் வருஷம் முழுக்க வரும். அரை லிட்டர் தண்ணீரில் தட்டிய சுக்கு ஒரு விரல் கணு, மல்லி விதை ஒரு ஸ்பூன், ஏலக்காய் தோலோடு நாலு, மிளகு ஆறேழு, காய்ந்த கிச்சிலித் தோல் ஒரு கைப்பிடி, எல்லாம் போட்டு மூடி வைத்துச் சின்னத் தீயில் இருபது நிமிஷம். மூடாமல் கொதிக்கவிட்டால் வாசனை சமையலறைக்குப் போய்விடும், கோப்பைக்கு வராது. அடுப்பை அணைத்த பிறகு தட்டிய நன்னாரி வேர் ஒரு ஸ்பூன் போட்டு ராத்திரி முழுக்க ஊறட்டும். நன்னாரியைக் கொதிக்கவைக்கக் கூடாது. அதன் வாசனைப் பொருள் வனிலாவின் வனிலினோடு ஒரே அணுக்கள், அடுக்கு மட்டும் வேறு, கொதித்தால் ஆவியோடு போய்விடும். காலையில் வடிகட்டி, கருப்பட்டி பாகு மூன்று ஸ்பூன், ஒரு கல் உப்பு. உப்பை விட்டுவிடாதீர்கள், அது இனிப்பாக்குவதற்கில்லை, கசப்பின் முனையை மழுக்குவதற்கு. பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் ஐந்தாறு நாள் தாங்கும். 60 மில்லி, சின்ன கிளாஸ், கோடையில் குளிர்ச்சியாக, குளிர்காலத்தில் சுடவைத்து. கிச்சிலி கிடைக்காத ஊரில் நாரத்தங்காய்த் தோல் போட்டுப் பார்த்தவர்கள் இருந்தால் அளவைச் சொல்லுங்கள், அதன் எண்ணெய் காரம் அதிகம் என்பதால் பாதி போட்டால் போதும் என்று நினைக்கிறேன், அடுத்த சீசனில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் போகிறேன்.